ரப்பர் பேண்ட் போட்ட கைபேசி

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, அம்மாவின் கைபேசியைச் சுற்றி இரண்டு ரப்பர் பேண்டுகள் போடப்பட்டிருப்பதைப் பார்த்தேன். ஏன் என்று கேட்டதற்கு, "பின்மூடி லூசாயிட்டு. கழண்டு விழுந்துரக் கூடாதுல்லா?" என்றார். ரப்பர் பேண்டுகளைக் கழற்றிக் கூடத்து மேசைமேல் கைபேசியை மல்லாக்க வைத்து, ஒரு மூலையை விரலால் தட்டினேன். பம்பரம்போல அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. தட்டையான அடிப்பாகம் கொண்ட எதுவும் மேசையில் அப்படிச் சுற்றாது. மூடிக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பு நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது. உள்ளே இருந்த பேட்டரி ஊதிப்போய், இடம் போதாமல் மூடியை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அதைத்தான் அம்மா மூன்று வாரமாக ரப்பர் பேண்ட் போட்டு அமுக்கி, இரவெல்லாம் சார்ஜரில் மாட்டி வைத்திருந்தார்.

நான் ஊருக்குக் கொண்டுபோயிருந்த திட்டம் வேறு. 2022 மே மாதம் வாங்கிய என் கைபேசி, சில மாதங்களாக 30 சதவீதம் சார்ஜ் இருப்பதாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே அணைந்துபோய்க்கொண்டிருந்தது. டிசம்பரில் ஒரு பெட்ரோல் பங்கில் 500 ரூபாய்க்குப் போட்டு முடித்துவிட்டு, பணம் கட்டுவதற்காகக் கேமராவைத் திறந்த அந்தக் கணத்தில் திரை கருத்தது. சட்டைப் பையில் கிடந்த 200 ரூபாயும் வண்டிப் பெட்டியில் கிடந்த சில்லறையும் போக, மீதியைப் பின்னால் நின்ற முன்பின் தெரியாத ஒருவர் கொடுத்தார். அன்று இரவே புதுக் கைபேசிகளைப் பார்க்கத் தொடங்கி, 20,000 ரூபாய்க்கு ஒன்றைத் தேர்ந்தும் வைத்துவிட்டேன். பழையதை என்ன செய்வது என்ற கேள்வி எனக்குள் எழவே இல்லை. வழக்கம்போல அது அம்மாவுக்குப் போகும் என்று இருந்துவிட்டேன்.

இந்த "வழக்கம்போல" என்ற சொல்லைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். நம் வீடுகளில் கைபேசி பழுதாகி வெளியே போவது அரிது. ஒரு படி கீழே இறங்கும். மகன் புதுசு வாங்கினால் அவனுடையது அப்பாவுக்கு, அப்பாவுடையது அம்மாவுக்கு, அம்மாவுடையது விளையாடுவதற்குப் பேரனுக்கு. எங்கள் வீட்டில் அப்பா இல்லாததால் நேரே அம்மாவிடம் போகிறது. "கைபேசியை மாற்றுவதா, பேட்டரியை மாற்றுவதா?" என்று நான் இதுவரை யோசித்ததெல்லாம், யோசித்துப் பார்த்தால், ஒரு தேய்ந்த பேட்டரியை யார் சுமப்பது என்ற கேள்விதான். நான் சுமக்க மறுத்த ஒவ்வொரு முறையும் அதை அம்மா சுமந்திருக்கிறார்.

அவர் கையில் இருந்தது 2018இல் நான் வாங்கிய கைபேசி. 2022இல் அவரிடம் கொடுப்பதற்கு முன்னால், வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சர்வீஸ் கடையில் 600 ரூபாய் கொடுத்து அதற்கு வேறு பேட்டரி போட்டுத்தான் கொடுத்தேன். அந்த அளவுக்கு நல்ல மகன் நான். "கம்பெனி பேட்டரிதான் சார்" என்று கடைக்காரர் சொன்னதை நம்பினேன். ஒரு வருடத்துக்குள்ளேயே அது மதியத்துக்குமேல் தாங்காது என்றாகிவிட்டது. அம்மா அதைப் புகாராகச் சொல்லவில்லை. சொல்வதற்குப் பதிலாகக் கைபேசியைக் கூடத்துச் சுவிட்ச் போர்டிலேயே நிரந்தரமாகக் குடியிருத்திவிட்டார். தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த போர்டிலிருந்து சார்ஜர் கம்பி ஒரு மீட்டர்தான் எட்டும். ஆகையால் என்னோடு பேசும்போதெல்லாம் சுவரில் சாய்ந்து நின்றபடியே பேசியிருக்கிறார். மூன்று ஆண்டுகளாக அவர் குரலுக்குப் பின்னால் ஏதாவது ஒரு தொடரின் இசை ஓடிக்கொண்டிருந்ததற்குக் காரணம், அவர் தொடர் பார்ப்பது என்றே நினைத்திருந்தேன்.

பேட்டரி ஊதியதற்கு அந்தச் சுவிட்ச் போர்டுக்கும் பங்கு உண்டு. இன்றைய கைபேசிகளில் இருக்கும் லித்தியம் அயான் பேட்டரியை 1991இல் சோனி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அடித்தளமிட்ட மூவருக்கு 2019இல் வேதியியலுக்கான நோபல் பரிசும் கிடைத்தது. இருந்தும், தேய்வது அதன் பிறவிக் குணமாகவே இருந்துவருகிறது. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட் தகட்டுக்குள் போய் உட்காரும். பயன்படுத்தும்போது அங்கிருந்து எதிர்த்தகட்டுக்குத் திரும்பும். இந்தப் போக்குவரத்தில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் லித்தியம், கிராஃபைட்டின்மேல் படியும் மெல்லிய படலத்தில் சிக்கித் திரும்பாமலே போய்விடுகிறது. படலம் தடிக்கத் தடிக்கக் கொள்ளளவு குறைகிறது. முழுச் சார்ஜிலேயே எப்போதும் வைத்திருப்பதும் வெப்பமும் இதை விரைவுபடுத்தும். உள்ளிருக்கும் மின்பகு திரவத்தையும் சிதைக்கும். சிதைவில் பிறக்கும் வாயுவுக்கு வெளியேற வழி கிடையாது. மெல்லிய அலுமினிய உறையால் ஆன பை ஆகையால் அது ஊதுகிறது. பேட்டரி நலிந்ததால் சார்ஜரிலேயே கிடந்தது, சார்ஜரிலேயே கிடந்ததால் மேலும் நலிந்தது, திருநெல்வேலி மாவட்டத்துக் கோடை மூன்றும் அதன்மேல் வெப்பத்தை வீசின. கடைக்காரர் போட்ட பேட்டரியின் தரம் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதை நம்பிப் போட்டவன் நான்.

என் கைபேசி 30 சதவீதத்தில் அணைவதற்குக் காரணம் இதன் இன்னொரு முகம். பேட்டரி மூப்படையும்போது கொள்ளளவு குறைவது மட்டுமின்றி உள்தடையும், அதாவது மின்னோட்டத்துக்குப் பேட்டரிக்குள்ளேயே எழும் தடையும், கூடுகிறது. சும்மா கையில் வைத்து வாசித்துக்கொண்டிருக்கும்போது மின்னோட்டம் குறைவாகவே தேவைப்படும் என்பதால் ஒன்றும் தெரியாது. கேமராவைத் திறந்தால், அல்லது சிக்னல் மோசமான இடத்தில் அழைப்பு வந்தால், ஒரே நொடியில் பெருமளவு மின்னோட்டம் கேட்கும். உள்தடை மிகுந்த பேட்டரியில் அப்போது மின்னழுத்தம் சட்டெனச் சரியும். கைபேசி தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். 30 சதவீதம் உள்ளே இருப்பது உண்மைதான், கேட்ட வேகத்தில் அதைக் கொடுக்கத்தான் பேட்டரிக்கு வலுவில்லை. வயிறு நிறையச் சாப்பிட்ட கிழவரை மாடிப்படி ஏறச் சொன்னதுபோல.

இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டாலே பாதிப் பேர் புதுக் கைபேசி வாங்குவதைத் தள்ளிப்போடுவார்கள் என்பது என் கணிப்பு. 2017 டிசம்பரில், பேட்டரி நலிந்த பழைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் வழியாகக் குறைத்திருந்ததை ஆப்பிள் நிறுவனம் ஒப்புக்கொண்டது. எதிர்பாராமல் அணைவதைத் தடுக்கவே அப்படிச் செய்ததாக விளக்கமும் சொன்னது. விளக்கம் வேதியியல்படி சரியானதே. குற்றம், அதை வாங்கியவர்களிடம் சொல்லாமல் செய்ததில் இருந்தது. பிரான்ஸ் அரசு அமைப்பு 2020 பிப்ரவரியில் இரண்டரைக் கோடி யூரோ அபராதம் விதித்ததும் சொல்லாததற்காகவே. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு: "போன் பழசாகிவிட்டது, மெதுவாகிவிட்டது" என்று எண்ணிப் புதுசுக்குப் போனவர்களில் எத்தனையோ பேருக்குப் பேட்டரியை மட்டும் மாற்றியிருந்தால் வேகம் திரும்பியிருக்கும். அதற்குப் பிறகுதான் மாற்றுப் பேட்டரியின் விலையை 79 டாலரிலிருந்து 29 டாலராக அந்நிறுவனம் 2018 முழுவதும் குறைத்து வைத்தது. பேட்டரியின் நிலையைக் காட்டும் பக்கமும் ஐபோனில் அந்த ஆண்டுதான் வந்தது.

ஊதிய பேட்டரிக்கு வருவோம். முதலில் செய்தது, கைபேசியை அணைத்துச் சார்ஜரிலிருந்து எடுத்தது. பிறகு கொல்லையில் கிடந்த மண்சட்டியில் காய்ந்த மணலைப் போட்டு, அதன்மேல் கைபேசியை வைத்துத் திண்ணைக்கு வெளியே, வெயில் படாத இடத்தில் வைத்தேன். ஊதிய பேட்டரியை அமுக்கவோ குத்தவோ கூடாது. உள்ளே தகடுகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் தீப்பிடிக்கும். காற்றை இறக்கிவிடலாம் என்று ஊசியால் குத்தியவர்களின் கதையை எந்த சர்வீஸ் கடையிலும் கேட்கலாம். அம்மாவுக்கு நான் செய்வது ஏதோ துஷ்டி வீட்டுச் சடங்குபோலத் தெரிந்திருக்க வேண்டும், "இதுக்குத் தேங்காயும் உடைக்கணுமா?" என்று கேட்டார். மறுநாள் மாமா மகனின் ஸ்கூட்டரில் மண்சட்டியைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டை வரை போய் அங்கே ஒரு சேவை மையத்தில் ஒப்படைத்தேன். மின்னணுக் கழிவுக்கும் பேட்டரிக் கழிவுக்கும் தயாரிப்பாளர்களைப் பொறுப்பாக்கும் விதிகள் 2022இலேயே வந்துவிட்டன. என்றாலும், மணலோடு வந்து நின்ற முதல் வாடிக்கையாளன் நான்தான் என்பது அங்கிருந்த பெண்ணின் முகத்தில் தெரிந்தது.

இனி அம்மாவுக்கு என்ன வழி? என் பழைய திட்டப்படி என் கைபேசியை அவரிடம் கொடுத்துவிட்டு நான் புதுசு வாங்க வேண்டும். அன்று இரவு மாடியில் உட்கார்ந்து யோசித்தபோதுதான், "எத்தனை வருடப் பழசு?" என்ற கேள்வியே தவறு என்று பட்டது. கைபேசியில் எல்லாப் பாகங்களும் ஒரே வேகத்தில் மூப்படைவதில்லை. திரை உடையாதவரை அவ்வளவாக மூப்படையாது. புராசஸரும் நினைவகமும் சாதாரணப் பயன்பாட்டுக்கு ஏழெட்டு ஆண்டுகூடத் தாங்கும். உறுதியாகத் தேய்வது பேட்டரி. அதுபோலவே உறுதியாக, ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் காலாவதியாவது ஒன்று உண்டு: பாதுகாப்புப் புதுப்பிப்பு, அதாவது மென்பொருள் ஓட்டைகளை அடைக்க நிறுவனம் அவ்வப்போது அனுப்பும் திருத்தம். பேட்டரியைக் காசு கொடுத்து மாற்றலாம். நிறுவனம் புதுப்பிப்பு அனுப்புவதை நிறுத்திவிட்டால் அதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

ஆண்ட்ராய்டு கைபேசியில் அமைப்புகளுக்குள் போனால், கடைசியாக எந்தத் தேதியிட்ட பாதுகாப்புப் புதுப்பிப்பு வந்தது என்று ஒரு வரி இருக்கும். மருந்துப் பட்டையில் காலாவதித் தேதி பார்ப்பவர்கள்கூட இதைப் பார்ப்பதில்லை, நானும் பார்த்ததில்லை. அம்மாவின் கைபேசியைச் சட்டிக்கு அனுப்புவதற்குமுன் பார்த்தேன்: 2021 மார்ச். அதாவது நான் 2022இல் அதை அவரிடம் கொடுத்தபோதே அதன் காவல் முடிந்து ஓராண்டுக்குமேல் ஆகியிருந்தது. அந்தக் கைபேசியில்தான் அவருடைய குடும்ப ஓய்வூதியம் வரும் வங்கிக் கணக்கு யுபிஐ வழியாக இணைக்கப்பட்டிருந்தது. பால்காரருக்கும் காய்கறிக்காரிக்கும் அதிலிருந்துதான் பணம் அனுப்பினார். புதுப்பிப்பு நின்றதாலேயே பணம் போய்விடும் என்று நான் பயமுறுத்தவில்லை. மோசடிகளில் பெரும்பாலானவை பேச்சால் ஏமாற்றி நடப்பவை. அதற்கு எந்தப் புதுப்பிப்பும் தடை அல்ல. ஆனால் திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்புகளை, அதாவது செயலியை நிறுவும் கோப்புகளைத் திறக்க வேண்டாம் என்று 2024இல் காவல் துறையினர் எச்சரித்தது நினைவிருக்கும். தை மாதத்தில், வருகிற அழைப்பிதழ் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, யார் வீட்டுக் கல்யாணம் என்று கண்டுபிடிக்கும் வயது அம்மாவுக்கு. வீட்டிலேயே எளிதில் ஏமாற்றப்படக்கூடியவர் கையில் வீட்டிலேயே காவல் குறைந்த கருவியைக் கொடுத்திருக்கிறோம். கீழே இறங்கும் வழக்கத்தின் உண்மையான விலை இதுதான் என்று அப்போது புரிந்தது.

என் கைபேசிக்கு வாங்கும்போதே ஐந்து ஆண்டுப் பாதுகாப்புப் புதுப்பிப்பு உண்டு என்று சொல்லியிருந்தார்கள். ஆக 2027 மே வரை அது பிழைத்திருக்கும். பேட்டரியைக் கணக்கிடும் ஒரு செயலியை இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்ததில், புதிதில் 5,000 எம்ஏஎச் கொள்ளளவு இருந்தது 3,400 அளவுக்கு வந்திருந்தது, 68 சதவீதம். 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் பேட்டரியை மாற்றலாம் என்பது பொதுவான அளவுகோல். ஐபோன் 14 வரையிலான மாதிரிகளுக்கு 500 முழுச் சுற்றிலும், ஐபோன் 15 முதல் 1,000 முழுச் சுற்றிலும் இந்த 80 சதவீதம் மிஞ்சும்படி வடிவமைத்திருப்பதாக ஆப்பிள் சொல்கிறது. நாளுக்குப் பாதி வீதம் இரண்டு நாள் செலவழித்தால் ஒரு சுற்று. நான் ஒரு நாளைக்கு ஒரு சுற்று ஓட்டுகிறவன். என் பேட்டரி தன் கடமையைச் செய்துவிட்டுத்தான் களைத்திருக்கிறது, அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

பிறகு ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். நல்ல பேட்டரியும் கூலியும் சேர்த்து 1,900 ரூபாய். 2027 மே வரை ஏறத்தாழ 17 மாதம். மாதத்துக்கு 112 ரூபாய் ஆகிறது. நான் தேர்ந்து வைத்திருந்த 20,000 ரூபாய்க் கைபேசிக்கு ஆறு ஆண்டுப் புதுப்பிப்பு. 72 மாதத்தால் வகுத்தால் மாதம் 278 ரூபாய். விலையை விலையோடு ஒப்பிடும்போது 1,900க்கும் 20,000க்கும் இருந்த மலைபோன்ற வேறுபாடு, மாதக் கணக்கில் இரண்டரை மடங்காகச் சுருங்கிவிட்டது. பேட்டரி மாற்றுவது எப்போதும் அடிமாட்டு விலை என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டாவது எண்ணைப் பார்ப்பதில்லை. புதுப்பிப்பு மூன்றே மாதத்தில் முடிகிற கைபேசிக்கு 1,900 செலவழித்தால் மாதம் 633 ரூபாய்; அதற்குப் புதுசே மலிவு. அம்மாவின் 2018 கைபேசிக்கு நான் 2022இல் போட்ட 600 ரூபாயை இந்த முறையில் கணக்கிடவே முடியாது, ஏனென்றால் வகுக்க வேண்டிய மாதங்கள் பூச்சியம்.

புதுசு வாங்கச் சொல்லி நண்பர்கள் அடுக்கிய மற்ற காரணங்களை விரைவாகவே கடந்துவிடுகிறேன். "பேட்டரிய மாத்தினா அடுத்து டிஸ்ப்ளே போகும்" என்பது ஜோசியம். சேமிப்பிடம் நிறைந்துபோனது நியாயமான குறைதான். என் விஷயத்தில் அதில் பாதி, வாட்ஸ்அப்பில் வந்த காலை வணக்கப் படங்கள். சார்ஜ் ஏறும் துளை தளர்ந்திருந்தால் அதற்குத் தனிச் செலவு உண்டு என்பதால் பேட்டரியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சில நேரம் தளர்ச்சி அல்ல, உள்ளே அடைந்த பஞ்சுதான். கேமரா நன்றாக இருக்கும் என்பதற்காகவே புதுசு வாங்க ஆசைப்படுகிறவர் அந்த ஆசையைப் பேட்டரியின் தலையில் கட்டாமல் நேராகவே வாங்கிக்கொள்ளலாம். ஒரு காரணம் மட்டும் என்னை நிறுத்தியது. ஆப்பிள் வெளியிடும் சுற்றுச்சூழல் அறிக்கைகளின்படி, ஒரு ஐபோன் தன் வாழ்நாளில் வெளியேற்றும் கரிமத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் அதைத் தயாரிக்கும்போதே வெளியேறிவிடுகிறது. நாம் வருடக்கணக்கில் ஏற்றும் சார்ஜ் எல்லாம் மிச்சத்தில் ஒரு பகுதி. கைபேசியை வைத்து மின்சாரத்தை மிச்சப்படுத்துவதைவிட, இன்னொரு கைபேசியைத் தயாரிக்க வைக்காமல் இருப்பதே பெரிது.

என் வயதுக்காரர்களுக்கு இந்தச் சிக்கலே ஒரு காலத்தில் கிடையாது என்பதும் நினைவுக்கு வந்தது. நோக்கியா 1100இல் நகத்தால் மூடியைத் தள்ளினால் பிஎல்-5சி பேட்டரி கையில் வந்து விழும். 2007 ஆகஸ்டில், ஒரு குறிப்பிட்ட காலத்தில் தயாரான 4 கோடியே 60 லட்சம் பிஎல்-5சி பேட்டரிகள் சூடேறலாம் என்று நோக்கியா அறிவித்தபோது ஊரே பேட்டரியைக் கழற்றி எண்ணைப் படித்தது. எங்கள் கல்லூரி விடுதியில் அறை அறையாக எண் ஒப்பிட்டார்கள். இத்தனை பெரிய சிக்கலை ஒரு பேட்டரியை மட்டும் மாற்றித் தீர்க்க முடிந்தது. அந்தக் கைபேசிகள் தயாரான ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலை 2014இல் மூடப்பட்டது. பேட்டரியோ இன்றும் மலிவான எஃப்எம் ரேடியோக்களில் உயிரோடு இருக்கிறது; அம்மாவின் சமையலறை ரேடியோவில் இருப்பதும் அதுதான். மெலிவுக்காகவும் தண்ணீர் புகாமல் இருப்பதற்காகவும் பின்மூடியைப் பசையால் ஒட்டத் தொடங்கிய பிறகு, நம் நகத்துக்கு இருந்த உரிமை போய்விட்டது. ஐரோப்பிய ஒன்றியம் அதை ஓரளவு மீட்கப் பார்க்கிறது: பயனரே கழற்றி மாற்றும்படி பேட்டரி இருக்க வேண்டும் என்ற விதி 2027 பிப்ரவரி 18 முதல் அங்கே நடைமுறைக்கு வருகிறது, தண்ணீர் புகாத, நீண்ட காலம் உழைக்கும் கைபேசிகளுக்குச் சில விலக்குகளோடு. 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்பனைக்கு வரும் மாதிரிகளின் பேட்டரி 800 சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதம் தாங்க வேண்டும். நம் ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் திறந்தது. அதற்கு மேல் நகத்தின் உரிமை இன்னும் இங்கே வந்து சேரவில்லை.

சென்னைக்குத் திரும்பியதும் அதிகாரபூர்வ சேவை மையத்தில் கேட்டேன். என் மாதிரிக்கான பேட்டரி வர இரண்டு வாரம் ஆகும் என்றும், கைபேசியில் உள்ளதையெல்லாம் அழித்துவிட்டுக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். அதனால் மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். அங்கே ஒரே பேட்டரிக்கு நான்கு பெயர், நான்கு விலை. "டூப்ளிகேட்" என்பதைத் தயங்காமல் அந்தப் பெயரிலேயே விற்கிறார்கள். "ஃபர்ஸ்ட் காப்பி" என்பது அதன் படித்த தம்பி. "ஓஇஎம்" என்றால் என்னவென்று ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு விளக்கம். "சர்வீஸ் பேக்" என்பது நிறுவனமே பழுது பார்ப்பதற்காக அனுப்பும் பாகம், உறையோடு வரும். 2022இல் ஏமாந்ததிலிருந்து நான் கற்றது ஒன்று உண்டு: அட்டையை வாங்கிப் படிக்க வேண்டும். இந்தியாவில் விற்கும் கைபேசிப் பேட்டரிகளுக்கு பிஐஎஸ் எனப்படும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு கட்டாயம். ஐஎஸ் 16046 என்ற தர எண்ணும் "ஆர்" என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் மேலே அச்சாகியிருக்கும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் யார் பெயரில் பதிவானது என்று காட்டும். எண்ணையே போலியாக அச்சிடலாம் என்பது உண்மைதான். ஆனாலும் நான் எண்ணைத் தட்டத் தொடங்கியதும் ஒரு கடைக்காரர் பேட்டரியை என் கையிலிருந்து மெல்ல வாங்கி உள்ளே வைத்துவிட்டு, "சார், நீங்க அடுத்த கடையில பாருங்க" என்றார். அதைவிட நேர்மையான பதிலை நான் எதிர்பார்த்திருக்க முடியாது.

அடுத்த கடையில் எண் சரியாக இருந்தது. உறையில் தயாரித்த மாதமும் அண்மையதாக இருந்தது. விற்காமல் கிடந்தாலும் பேட்டரிக்கு வயதாகும் என்பதால் அதையும் பார்க்க வேண்டும். இருபத்தைந்து வயதிருக்கும் ஒரு தம்பி விளக்கடியில் உட்கார்ந்திருந்தார். சிம்மை எடுத்துக்கொண்டு, திரைப்பூட்டு எண்ணைச் சொல்லாமலே கொடுத்தேன். பேட்டரி மாற்ற அது தேவையில்லை. "மூடி உடைஞ்சா நாங்க பொறுப்பில்ல சார்" என்ற மந்திரத்தைச் சொல்லிவிட்டு, கைபேசியை எண்பது டிகிரிச் சூட்டுத் தட்டில் மல்லாக்க வைத்தார். பசை இளகியதும் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை ஒரு மூலையில் நுழைத்து, ஆப்பச்சட்டியின் ஓரத்தில் கரண்டியை விட்டு ஆப்பத்தைப் பெயர்ப்பதுபோலச் சுற்றிவர ஓட்டினார். திருகாணிகளைக் கழற்றிய வரிசையிலேயே காந்தப் பாயில் அடுக்கினார். எல்லாவற்றுக்கும் முதலில் பேட்டரியின் இணைப்பை எடுத்துவிட்டார். 2022 கடைக்காரர் இதைக் கடைசியில் செய்தது நினைவிருக்கிறது. பேட்டரியைப் பெயர்க்க நெம்பவில்லை. ஓரத்தில் பசையை இளக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கையைக் கட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு இழுத்ததும் வளையாமல் வந்தது. அந்த ஐந்து நிமிடச் சும்மாவுக்குத்தான் கூலி கொடுக்க வேண்டும்.

புதுப் பேட்டரியின்மேல் மார்க்கர் பேனாவால் அன்றைய தேதியை எழுதி உள்ளே வைத்தார். சார்ஜ் ஏறுகிறதா, சூடாகிறதா என்று பார்த்துவிட்டு, குழாய்ப் பசையை விளிம்பில் கோடிழுத்து மூடியை அமர்த்தினார். கடைசியாக மேசை இழுப்பறையைத் திறந்து இரண்டு ரப்பர் பேண்டுகளை எடுத்துக் கைபேசியின்மேல் மாட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்குப் புரியவில்லை. "பசை காயணும் சார். ரெண்டு மணி நேரம் கழட்டாதீங்க. இனிமே தண்ணி மட்டும் பட விடாதீங்க, பழைய சீல் போயிடுச்சு" என்றார்.

அம்மாவுக்கு முந்தைய வாரமே புதுசு வந்துவிட்டது. நான் எனக்கென்று தேர்ந்து வைத்திருந்த அதே கைபேசி. "எனக்கு எதுக்குல புதுப் போனு? பேசுனா கேக்குது, போதாதா? நீ வச்சுக்கோ, ஒன்னோட பழசத் தா" என்று இரண்டு நாள் வாதாடினார். புதுப்பிப்பு, காவல், காலாவதி என்று நான் சொன்ன எதுவும் எடுபடவில்லை. ஊதியதைச் சட்டியில் வைத்துப் போனதைத் தெருவே பார்த்துவிட்டது என்பதுதான் எடுபட்டது. சார்ஜ் 80 சதவீதத்தில் நிற்கும்படி அமைத்துக் கொடுத்தேன். அது இன்னும் ஒரு தகராறாக ஓடிக்கொண்டிருக்கிறது: "ராத்திரி பூரா போட்டாலும் நெறைய மாட்டேங்கு. ஏமாத்திப்புட்டானா?" என்று தினமும் கேட்கிறார். நிரம்பாமல் இருப்பதே பேட்டரிக்கு நல்லது என்பதை, குடம் வழிய வழியத் தண்ணீர் பிடித்துப் பழகியவரிடம் விளக்க எனக்கு வழி தெரியவில்லை.

ரிச்சி தெருவிலிருந்து நடந்து, அரசினர் தோட்டம் நிலையத்தில் மெட்ரோ ஏறினேன். சைதாப்பேட்டை தாண்டி ரயில் தரைக்கு மேலே வெளிச்சத்துக்கு ஏறும்போது அம்மாவிடமிருந்து அழைப்பு. ரப்பர் பேண்டுகளின் நடுவே பச்சைப் பொத்தானைத் தேடித் தள்ளினேன். கல்யாணச் செய்தி ஒன்று. நிச்சயமாக அழைப்பிதழ் அல்ல, நேரில் வந்து சொன்னார்களாம். பின்னணியில் தொடரின் இசை இல்லை. கோழிகள் கொக்கரிக்கும் சத்தமும் வாளி உருளும் சத்தமும் கேட்டன.

"எங்கம்மா இருக்கீங்க?"

"கொல்லைல. துணி காயப்போடுதேன். நேத்து காலைல சார்ஜ் போட்டது, இன்னும் நாப்பத்தொண்ணு காட்டுது. நிக்காதுல்லா?"

நிற்காது என்றேன். எதிரே உட்கார்ந்திருந்த சிறுமி என் கையில் இருந்த ரப்பர் பேண்ட் போட்ட கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைக் கழற்ற இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.